வட்டைக்கு வராத ஓவியர்: பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியர் வரைந்த இலங்கையும் கீழ்க்கரைச் சோனகரும்

1860களின் நடுப்பகுதியில் ஒஸ்திரிய நாட்டுப் பிரபு ஒருவர் காலிக் கடலில் மூழ்குகூண்டு ஒன்றை இறக்கினார். அதற்குள் உட்கார்ந்துகொண்டு பவளப்பாறைகளையும் மீன்களையும் கண்முன்னே பார்த்து வரைந்தார். இயூஜின் வொன் ரான்சொன்னெ என்பது அவர் பெயர். வியன்னாவுக்குத் திரும்பியதும் அந்த வரைவுகளைத் தம் கையாலேயே அச்சுக்கல்லில் தீட்டி 1867இல் நூலாக வெளியிட்டார். இலங்கையின் மனிதர், விலங்கு, மரஞ்செடி, தாழ்நிலம், மலைநாடு, கடலடி எல்லாம் அந்த ஒரே நூலுக்குள் அடங்கின.

காலிக் கடலின் அடிவரை ஓர் ஐரோப்பியத் தூரிகை இறங்கியிருக்கிறது. அதே ஆண்டுகளில் சம்மாந்துறையிலிருந்து நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வழியாகத் திருக்கோவில் வரை வட்டை எனப்படும் வயல்வெளிகளில் வேளாண்மை விளைந்துகொண்டிருந்தது. ஏர் பிடித்தவர்களும் சூடு மிதித்தவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அந்த வயலையும் அந்த மனிதரையும் வரைய வந்த ஓவியரைத் தேடிப் போனால் கை வெறுங்கையாகத்தான் திரும்புகிறது. இலங்கையைப் பற்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றில் முஸ்லிம்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் கொழும்பிலோ காலியிலோ கடை வைத்தவர்கள், அல்லது மூட்டை சுமந்து வீடு வீடாக விற்றவர்கள். இந்த ஒருதலைப்பட்சம் எப்படி உண்டானது, அது கீழ்க்கரைச் சோனகராகிய எங்களுக்கு என்ன செய்தது, இனி அந்தப் படங்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்பவையே இந்தக் கட்டுரையின் கேள்விகள்.

முதலில் படங்கள் எவை என்று பார்த்துவிடலாம். பிரித்தானியர் காலத்துக்கான தொடக்கப்புள்ளி சாமுவேல் டானியல். இந்தியக் காட்சிகளை வரைந்து புகழ்பெற்ற தோமஸ் டானியலின் பெறாமகன் அவர். இலங்கையின் இயற்கைக் காட்சிகள், விலங்குகள், குடிகள் பற்றிய 12 வண்ணத் தகடுகளை 1808இல் இலண்டனில் வெளியிட்டார். காடுகளுக்குப் பொறுப்பான அரச பதவியொன்றும் அவரிடம் இருந்தது. காடு காடாக அலைந்தவர், 1811இல் இந்தத் தீவிலேயே இறந்துபோனார். அவருக்குப் பின்னர், கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்த கையோடு படை அதிகாரிகள் தூரிகை எடுத்தார்கள். கப்டன் லிட்டில்டனின் காட்சித் தொகுதி 1819இல் வந்தது. நூற்றாண்டின் நடுவில் ருசிய இளவரசர் சொல்டிகோவ், பிரசிய இளவரசர் வால்டெமார் போன்ற பயணிகள் வந்து போனார்கள். கப்டன் ஓபிரையனின் 15 காட்சிகள் 1864இல் வெளியாயின. பின்னர் எட்வர்ட் லியர் 1874இல் வந்தார். மரியான் நோர்த் 1877இல் களுத்துறையில் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரனின் விருந்தினராக இருந்து செடிகொடிகளைத் தீட்டினார். ஜெர்மனிய விலங்கியலாளர் ஏர்ன்ஸ்ட் ஹேக்கல் 1881–82இல் வெலிகமையில் தங்கி ஆய்வும் வரைவுமாக நாள்களைக் கழித்தார். ஹமில்டனும் ஃபாசனும் சேர்ந்து 1881இல் வெளியிட்ட நூல், கோப்பித் தோட்டத் துரைமாரின் நாளாந்த வாழ்க்கையை வேடிக்கைச் சித்திரங்களாகக் காட்டியது.

இவர்களோடு சேர்த்தே பார்க்க வேண்டிய இருவர் உள்நாட்டில் வாழ்ந்தவர்கள். பாண்டிச்சேரியில் பிறந்து கொழும்பில் குடியேறிய ஹிப்போலிட் சில்வாஃப் ஒருவர். ஒல்லாந்தப் பறங்கியர் வழிவந்த ஜே. எல். கே. வான் டோர்ட் (1831–1898) மற்றவர். வந்து போன ஐரோப்பியரைவிட இவ்விருவரும் தெருவை நன்றாக அறிந்தவர்கள். வண்டிக்காரன், பல்லக்குத் தூக்கி, கூவி விற்பவன், தண்ணீர் சுமப்பவன் என்று கொழும்பின் சாதாரண மனிதரை அவர்களுடைய கோடுகளில்தான் உயிரோடு காண்கிறோம். ஆனால் அவர்களுடைய தெருவும் கொழும்புத் தெருவே.

இந்த அச்சுப்படங்களையெல்லாம் தேடித் திரட்டிப் பட்டியலிட்ட பெரும்பணி ஆர். கே. டி சில்வாவுடையது. 1800 முதல் 1900 வரையான அச்சுப்படங்கள் பற்றிய அவருடைய நூல் 1985இல் இலண்டனில் வெளிவந்தது. ஒல்லாந்தர் காலப் படங்களுக்கும் அவர் தனி நூல் செய்தார். புகைப்படங்களின் பக்கத்தில், கட்டடக் கலைஞர் இஸ்மத் ரஹீமும் பேர்சி கொலின் தோமேயும் 2000இல் வெளியிட்ட நூல் அதற்கு நிகரானது. இந்தத் தொகுப்புகளை ஒரு வரைபடத்தை அருகில் வைத்துக்கொண்டு புரட்டினால் ஒன்று உடனே விளங்கும். படங்கள் கொழும்பிலும் காலியிலும் கண்டியிலும் நுவரெலியாவிலும் அடர்ந்து கிடக்கின்றன. இடிந்த தலைநகரங்களான அநுராதபுரத்துக்கும் பொலன்னறுவைக்கும் பிறகு வருகின்றன. துறைமுகத்துக்காகத் திருகோணமலைக்கு வருகின்றன. அங்கிருந்து தெற்கே இறங்க இறங்கப் படங்கள் அருகிப்போகின்றன.

எப்போதும் அப்படி இருந்ததில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒல்லாந்தத் தளபதி ஜோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1602 மே மாத இறுதியில் வந்திறங்கியது மட்டக்களப்புக் கரையில். அங்கிருந்து கண்டிக்குப் போய் விமலதர்மசூரிய மன்னனோடு கைகோத்து நிற்கும் செதுக்குப்படம் இலங்கை வரலாற்றில் மிகப் பிரசித்தமானது. மட்டக்களப்புக் கோட்டையை 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பறித்தார்கள். 1672இல் வெளியான பல்தேயஸ் பாதிரியாரின் நூலில் மட்டக்களப்புக்குப் படம் உண்டு. கண்டி மன்னனுக்குக் கடல்வாசல் கிழக்கில் இருந்தவரைக்கும் ஐரோப்பியச் செதுக்குத் தகட்டில் கிழக்குக்கும் இடம் இருந்தது. 1766 உடன்படிக்கையோடு கரை முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போனது. 1796இல் அது பிரித்தானியருக்கு மாறியது. 1815இல் கண்டியே விழுந்தது. அதன்பின் மட்டக்களப்பு வழியாகக் கண்டிக்குப் போக வேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை. ஓவியர் கண் அழகைத் தேடிப் போகிறது என்று சொல்லிக்கொள்கிறோம். இலங்கையில் அந்தக் கண் அதிகாரம் போன பாதையில்தான் போயிருக்கிறது.

அந்தப் பாதையை நிர்ணயித்தவை தெருவும் கப்பலும் பணமும். கொழும்பு–கண்டித் தெரு 1820களில் வெட்டப்பட்டது. அதன் இரு பக்கமும் காடழித்துக் கோப்பி நட்டார்கள். கோப்பியால் வந்த காசு படம் வாங்கியது. தன் பங்களாவையும் மலைமுகட்டையும் ஊருக்கு அனுப்பிக் காட்ட விரும்பிய துரைதான் ஓவியருக்கு முதல் வாடிக்கையாளர். 1867இல் அதே வழியில் ரயில் போனது. மட்டக்களப்புக்கு ரயில் வர 1928 ஆனது. கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் அது இன்னும் வரவில்லை. கடல்வழியும் இலகுவாக இல்லை. மட்டக்களப்பு முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக் கிடக்கும். சிறு கலங்களே உள்ளே வரலாம். வாடைக்காற்று எழும்பிவிட்டால் அதுவும் இல்லை. ஓவியர் ஒருவர் மாட்டுவண்டியிலும் தோணியிலும் நாள்கணக்காகப் பயணம் செய்து இங்கே வருவதற்கு, அந்தப் படத்தை வாங்க ஆள் இருக்க வேண்டும். நெல்வயலின் படத்தை இலண்டனில் காசு கொடுத்து வாங்க எவரும் இருக்கவில்லை.

வாங்குவோர் இல்லாமை எவ்வளவு பெரிய காரணம் என்பதற்குக் கல்கத்தாவில் நல்ல சான்று இருக்கிறது. பிளெமிஷ் ஓவியர் பல்தசார் சோல்வின்ஸ் 1790களில் அங்கே இருந்து 250 செதுக்கோவியங்களை உருவாக்கினார். உழவன், நெசவாளி, குயவன், ஒவ்வொரு வகைத் தோணி, ஒவ்வொரு வகை வண்டி, ஒவ்வொரு வகை வாத்தியம் என்று வரிசையாக வரைந்தார். ஐரோப்பியர் ஆசியாவில் செய்த இத்தகைய வேலைகளில் இவ்வளவு பொறுமையும் மரியாதையும் கொண்டது வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அது விற்கவில்லை. பாரிஸில் விரிவாக்கி வெளியிட்ட பதிப்பும் அவருக்குப் பணம் தரவில்லை. துரைமாரின் வேட்டையையும் விருந்தையும் வரைந்த அட்கின்சனின் 1859 நூலோ கைக்குக் கை பரவியது. சோல்வின்ஸ் போன்ற ஒருவர் மட்டக்களப்புப் பகுதிக்கு வந்திருந்தால் எங்கள் ஏரும் எங்கள் தோணியும் எங்களுக்குப் படமாகக் கிடைத்திருக்கும். அந்த இழப்பு சிறியதல்ல.

ஓவியர் ஒருவர் கிழக்குக்கு மிக அண்மையில் வந்த கதை 1848இல் நடந்தது. அன்றைய குடியேற்ற நாட்டுச் செயலாளர் ஜேம்ஸ் எமர்சன் டெனென்ட் பெல்பாஸ்ட் நகரத்தவர். அதே ஊர் ஓவியர் அன்ட்ரூ நிக்கலை அவர் ஆதரித்தார். நிக்கல் 1846இல் வந்து கொழும்பு அக்கடமியில், இன்றைய றோயல் கல்லூரியில், சித்திரம் கற்பித்தார். 1848 நடுப்பகுதியில் இருவரும் வடக்கு நோக்கிப் புறப்பட்டார்கள். அப்போது மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. வீதி வரி, துப்பாக்கி வரி, நாய் வரி என்று மக்கள் தலையில் விழுந்த வரிகளே அதற்குக் காரணம். அந்த வரிக் கொள்கையில் டெனென்டுக்கும் கை இருந்தது. நாடு கொந்தளித்துக்கொண்டிருந்த அந்த வாரங்களில் நிக்கல் காட்டுக்குள் இடிந்த விகாரைகளையும் சிலைகளையும் வரைந்துகொண்டிருந்தார். ஐந்து வாரச் சித்திரப் பயணத்தைப் பற்றி 1852இல் டப்ளின் பல்கலைக்கழகச் சஞ்சிகையில் கட்டுரையும் எழுதினார். அவருடைய இடிபாட்டுப் படங்களில் செடி படர்ந்த செங்கல்லும் வெயிலும் அமைதியுமே இருக்கின்றன. ஊர்கள் எரிந்துகொண்டிருந்த காலத்துப் படங்கள் அவை என்று சொன்னால்தான் தெரியும்.

டெனென்ட் அதே ஆண்டில் மட்டக்களப்புக்கு வந்தார். இரவில் வாவியில் தோணியேறிப் பாடும் மீனின் ஓசையைக் கேட்டார். அதைப்பற்றி அவர் எழுதிய பக்கங்கள் உலகெங்கும் படிக்கப்பட்டன. 1859இல் வெளியான அவருடைய பெருநூல் குறுகிய காலத்தில் பல பதிப்புகள் கண்டது. நிக்கலின் படங்கள் அதில் சேர்ந்தன. 1861இல் வந்த இயற்கை வரலாற்று நூலில் வாவியின் ஊரி என்னும் நத்தைக்குக்கூடச் சிறு படம் இருக்கிறது. ஊரிக்குக் கிடைத்த அந்த இடம், அந்த ஓசை ஊரி குளறுவது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்த தோணிக்காரருக்குக் கிடைக்கவில்லை. டெனென்ட் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. கூர்மையான கண்ணும் அளவில்லாத படிப்பும் உடையவர் அவர். ஆனால் பார்க்க வேண்டியவை எவை என்ற பட்டியல் அவர் புறப்படும்போதே தயாராகிவிட்டது. விந்தை, இடிபாடு, யானை, வேடர், இவைதான் பட்டியல். உழுகிறவன் அதில் இல்லை.

ஆனால் அந்த யானைப் பக்கங்களில் எங்களவர் இருக்கிறார்கள். அதைத் தவறவிடக்கூடாது. காட்டு யானையைக் கயிறெறிந்து பிடிக்கும் பணிக்கர் பற்றி டெனென்ட் விரிவாக எழுதுகிறார். வடக்கிலும் வடகிழக்கிலும் சோனகக் கிராமங்களில் வாழ்ந்தவர்கள் என்று அவர்களை அடையாளம் காட்டுகிறார். அவர்களுடைய துணிச்சலை அவர் வியக்கிறார். யானையின் தடம் பார்த்தே அதன் உயரத்தையும் போன திசையையும் சொல்லிவிடுவார்கள். பின்னால் ஓசையில்லாமல் போய், தோல்வாரைத் திரித்துச் செய்த சுருக்கைப் பின்னங்காலில் மாட்டி, மறுமுனையை மரத்தில் சுற்றிவிடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு யானைப்பிடிப் படங்களில் யானையின் காலடியில் சின்னதாக, குனிந்தபடி தெரியும் உருவங்களைக் கவனியுங்கள். தலைப்பில் அவர்களுக்குப் பெயர் இருக்காது. பார்ப்பவர் கண் யானைக்கும் துரையின் துவக்குக்கும் போய்விடும். சோனகர் என்றால் வியாபாரி என்ற சித்திரத்தை அதே காலத்துப் படமே மறுத்து நிற்கும் இடம் அது. ஏறாவூரில் பணிக்கர் மரபின் நினைவு இன்றும் பேசப்படுகிறது.

வியாபாரிச் சித்திரம் எங்கே பிறந்தது என்றால், காலித் துறைமுகத்தில். 1840களிலிருந்து இங்கிலாந்துக்கும் கல்கத்தாவுக்கும் சீனாவுக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பல்கள் காலியில் நின்று நிலக்கரி ஏற்றின. பயணிகள் ஒரு நாளோ அரை நாளோ கரையில் இறங்குவார்கள். இறங்கியதும் அவர்களைச் சூழ்ந்துகொள்பவர்கள் இரத்தினக்கல், ஆமையோட்டுச் சீப்பு, பின்னல் சரிகை விற்கும் சோனக வியாபாரிகள். சீனப்போரைப் படமாக அனுப்பப் போன பத்திரிகைச் சித்திரக்காரர்களும் அந்த வழியாகவே போனார்கள். சீனாவுக்குப் போன பிரித்தானியத் தூதர் எல்ஜின் பிரபு பயணம் செய்த மலபார் கப்பல் 1860இல் அந்தத் துறைமுகத்தில்தான் மூழ்கியது. ஐரோப்பியன் ஒருவன் தன் வாழ்நாளில் சந்தித்த ஒரே இலங்கை முஸ்லிம் அந்த ஓட்டல் விறாந்தை வியாபாரியாகவே இருந்திருப்பான். அரை நாள் பார்த்ததை அவன் வரைந்தான். அரை நாளில் பார்த்தது ஓர் இனத்தின் முகமாக அச்சேறியது.

அச்சேறும் வழியும் அந்த முகத்தை மேலும் கெட்டிப்படுத்தியது. இலண்டனில் 1842இல் தொடங்கிய படப் பத்திரிகைக்கு வரைவு ஒன்று போனால், அதை வேறொருவர் மரக்கட்டையில் திரும்ப வரைவார். நேரம் மிச்சம் பிடிக்கச் சிறு கட்டைகளைத் திருகாணியால் இணைத்த பெருங்கட்டை அது. பிறகு அதைப் பிரித்துப் பல செதுக்குநர் கையில் கொடுப்பார்கள். ஒருவர் வானத்தைச் செதுக்குவார், ஒருவர் மரத்தை, தேர்ந்தவர் முகத்தை. இவர்களில் எவரும் இலங்கையைக் கண்ணால் கண்டதில்லை. தென்னைக்கும் பனைக்கும் வித்தியாசம் தெரியாது. சோனகனின் முகத்தை அவர்கள் ஏற்கெனவே செதுக்கிப் பழகிய எகிப்தியனின், துருக்கியனின் முகத்திலிருந்து எடுப்பார்கள். களத்தில் வரைந்த பென்சில் கோட்டுக்கும் அச்சில் வந்த படத்துக்கும் இடையே அந்த மனிதன் இடம் மாறிவிடுகிறான்.

அச்சுக்குப் போகாத வரைவேடுகள் இதற்கு மாறாக இருப்பதும் இதனால்தான். ஒல்லாந்த ஓவியர் எசையாஸ் பூர்ஸ் 1662இல் கொழும்பில் இருந்தபோது வைத்திருந்த வரைவேடு இப்போது ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் நூதனசாலையில் இருக்கிறது. எவருக்கும் விற்பதற்காக அவர் வரையவில்லை. குந்தியிருப்பவர், சுமை தூக்குபவர், வீட்டு வாசலில் நிற்பவர் எல்லோரும் தங்கள் பாட்டில் இருக்கிறார்கள். இருநூறு ஆண்டுகள் கழித்து வந்த பளபளப்பான வண்ணத் தகடுகளைவிட அந்த ஏட்டை நான் நம்புகிறேன்.

புகைப்படம் வந்த பிறகும் இந்தப் பழக்கம் மாறவில்லை. ஸ்கீன், ஸ்கோவன், 1890இல் தொடங்கிய பிளாட்டே போன்ற கொழும்புப் படப்பிடிப்பு நிலையங்கள் பயணிகளுக்கு விற்கவென்று ‘இன வகை’ப் படங்களை எடுத்தன. சோனகருக்கு உரிய காட்சி பெரும்பாலும் ஒன்றே: விறாந்தையில் சரக்கு மூட்டையை அவிழ்த்துப் பரப்பிவைத்துக் குந்தியிருக்கும் வியாபாரி. தலையில் வண்ணத் தையல் போட்ட உயர்ந்த தொப்பி. தொப்பியின் வகை ஆய்வாளருக்கு ஒரு விதத்தில் உதவியும் செய்கிறது. எகிப்தின் புரட்சித் தலைவர் ஒறாபி பாஷா நாடுகடத்தப்பட்டு 1883 ஜனவரியில் கொழும்புக்கு வந்தார். 1901 வரை இந்தத் தீவில் இருந்தார். அவரைப் பார்த்துத் துருக்கித் தொப்பி பரவியது. 1905இல் அதே தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் வாதாடலாமா என்று பெரும் பிரச்சினையே எழுந்தது. ஆகவே திகதியில்லாத படம் ஒன்றில் துருக்கித் தொப்பி இருந்தால் அது பெரும்பாலும் ஒறாபிக்குப் பிந்தியது. ஆனால் இந்தக் கணக்கும் நகரத்துக்குத்தான் பொருந்தும். வட்டைக்குள் இடுப்பில் சாரனும் தலையில் சுற்றிய துண்டுமாக நின்றவருக்கு எந்தத் தொப்பியும் திகதி குறிக்காது.

படம் படமாகவே நின்றிருந்தால் இத்தனை பேச்சு வேண்டியதில்லை. அது அரசியலாகியது. தமிழ் அரசியல் தலைவர் இராமநாதன் 1880களில் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றிப் பேசினார், எழுதினார். சோனகர் தரப்பில் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பு வெளியிட்டார். இரு பக்கத்து வாதங்களும் எங்கிருந்து வந்தார்கள், யார் வழியினர், என்ன வணிகம் செய்தார்கள் என்பதையே சுற்றின. கிழக்கில் நிலத்தோடு கிடந்த உழவர் அந்த வாதத்தில் சாட்சிக்குக்கூட அழைக்கப்படவில்லை. 1915இல் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த கலவரத்தில் தாக்கப்பட்டது கடை. கடைக்காரன் வெளியாள் என்ற கதை அதற்கு முன்பே மக்கள் மனதில் இருந்தது. அந்தக் கதையைப் படங்கள் மட்டும் உருவாக்கவில்லை. ஆனால் மூட்டையோடு வந்து நிற்பவனையே திரும்பத் திரும்பக் காட்டிய படங்கள் அதற்கு எதிராக ஒன்றும் சொல்லவில்லை.

கிழக்கின் உழவரோ நேற்று வந்தவர் அல்லர். போர்த்துக்கேயரால் விரட்டப்பட்ட சுமார் 4,000 முஸ்லிம்களைக் கண்டியின் செனரத் மன்னன் 1626 அளவில் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று குவேறோஸ் பாதிரியார் எழுதிவைத்திருக்கிறார். அதற்கு முன்பும் இக்கரையில் எங்களவர் இருந்தார்கள். டானியல் வரைய வந்தபோது இந்த மண்ணில் பல தலைமுறை உழுதாகிவிட்டது.

அந்த நூற்றாண்டில் ஓவியர் ஒருவர் இந்தப் பக்கம் வந்திருந்தால் என்ன பார்த்திருப்பார்? மார்கழி மழையில் வெள்ளம் நின்று, தை பிறக்கும்போது பச்சை பிடித்து, பின்னர் பொன்னிறமாகும் பெரும்போக வயல். காணிச் சொந்தக்காரரான போடியாருக்குப் பதிலாகக் களத்தில் நின்று வேலை நடத்தும் முல்லைக்காரன். தண்ணீர்ப் பங்கு பார்க்கும் வட்டைவிதானை. வரம்போரத்தில் கம்பு நட்டு வைக்கோல் வேய்ந்த வாடி. வெட்டிய கதிரைக் கட்டிக் கொண்டுவந்து களவெட்டியில் கோபுரமாக ஏற்றும் சூடு. நடுக்கம்பைச் சுற்றி எருமைகளைப் பிணைத்து, இருட்டில் பந்தத்தின் வெளிச்சத்தில் விடியும்வரை மிதிக்கவிடும் ஆட்கள். களத்துக்குள் நுழைந்தால் வெளியில் பேசும் சொற்களை விட்டுவிட்டு அதற்கென்று வேறு சொற்கள் பேசவேண்டும். செருப்போடு ஏறக்கூடாது. முஸ்லிம் களத்திலும் தமிழர் களத்திலும் இந்த ஒழுங்குகள் ஒன்றுபோலவே இருந்தன. ஊருக்குள் வந்தால், மகளுக்கென்று கட்டிக்கொடுத்த வீடும் வளவும். தாய்வழியில் வரும் குடி. குடிக்கு ஒருவராகப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் அமரும் மரைக்காயர். வீட்டு முற்றத்தில் சாயம் தோய்த்த பன்னைக் காயவைத்துப் பாய் இழைக்கும் பெண்கள். மருதமுனையில் கைத்தறி. கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் கொடியேற்றத்துக்குக் கூடும் சனம். உள்நாட்டை நோக்கி உப்பும் சீலையும் கருவாடும் ஏற்றிப் போகும் பொதிமாட்டுத் தவளம். ஒரு வரைவேடு நிறைந்துபோயிருக்கும்.

அரசாங்கமும் கிழக்கின் நிலத்தை வரையாமல் விடவில்லை. ஆனால் அது ஓவியமாக வரையவில்லை, நில அளவைப் படமாக வரைந்தது. ஆளுநர் ஹென்றி வோர்ட் 1856இல் நீர்ப்பாசனச் சட்டம் கொண்டுவந்தார். இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்தும் வேலைகள் அவர் காலத்தில் நடந்தன. குளக்கட்டின் குறுக்குவெட்டு, மதகின் அளவு, வாய்க்காலின் போக்கு, காணித் துண்டின் எல்லை எல்லாம் கோடுகோடாகத் தாளில் ஏறின. அந்தத் தாள்களில் மனிதர் இல்லை. ஆனால் வட்டையின் பெயரும் காணியின் எல்லையும் இருக்கின்றன. எங்கள் ஊர்களின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படத்தைத் தேடுகிறவர்கள் ஓவியப் பட்டியலை மூடிவைத்துவிட்டு நில அளவைத் திணைக்களத்தின் பழைய படங்களைத் திறக்க வேண்டும். ஊர்க்காணி யாருடையது என்ற வழக்கு இன்றும் முடியாத மாவட்டத்தில் அவற்றின் பெறுமதி ஓவியத்தைவிடக் கூடியது.

எழுத்தின் பக்கமும் ஈடுசெய்யும் பொருள்கள் உள்ளன. கனகரத்தினத்தின் மட்டக்களப்பு மாவட்ட நூல் 1921இல் வந்தது. எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் 1962இலும், வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இலும் வெளிவந்தன. அக்கரைப்பற்றையே களமாகக் கொண்டு ஓர் அந்நியர் நீண்ட காலம் தங்கி, பார்த்து, கேட்டு எழுதியது அதன் பிறகுதான். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969இல் இங்கே வந்தார். தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் இந்த ஊரைப்பற்றி அவர் எழுதிய பெருநூல் 2008இல் வெளியானது. குடி, கோயில், பள்ளி, வயல், வைத்தியம், போர் எல்லாம் அதில் உண்டு. ஓவியர் ஒருவர் 1848இல் செய்திருக்கக்கூடிய வேலையை நூற்றிருபது ஆண்டு கழித்து ஒரு மானிடவியலாளர் தொடங்கினார் என்று சொல்வது மிகையாகாது.

அப்படியானால் அந்தப் பழைய படங்களைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. அவை வேறெங்கும் கிடைக்காத பொருள்களைச் சுமந்திருக்கின்றன. தலைப்பை மறைத்துவிட்டு ஓரத்தைப் பார்க்க வேண்டும். டானியல் ஒரு துறையை வரையும்போது அவர் மனம் வானத்திலும் மரத்திலும் இருந்திருக்கும். ஆனால் தோணியின் பக்கப்பலகையைக் கயிற்றால் எப்படித் தைத்திருக்கிறார்கள் என்பதையும் அவர் கை பதிவுசெய்துவிடுகிறது. வான் டோர்ட்டின் வண்டியில் நுகத்தடியின் வளைவும் கூடாரத்தின் ஓலைப் பின்னலும் இருக்கின்றன. யானைப்பிடிப் படத்தில் சுருக்கின் முடிச்சு இருக்கிறது. ஓவியர் வேண்டாவெறுப்பாக நிரப்பிய மூலைகள்தாம் எங்களுக்கு வேண்டிய ஆவணங்கள். கொழும்பு, காலி, கண்டி ஆகியவற்றின் படங்களிலிருந்தும் கிழக்கின் பொருள்வாழ்வை ஓரளவு மீட்கலாம். ஏனெனில் தோணியும் வண்டியும் பாயும் பானையும் கரையெங்கும் பெரிதும் உறவுடையவை.

இன்று இதற்கு முன்னெப்போதும் இல்லாத வசதி இருக்கிறது. இலண்டன் பிரித்தானிய நூலகத்தின் படங்களும் ஆம்ஸ்டர்டாம் நூதனசாலையின் படங்களும் பெருமளவில் இணையத்தில் பார்க்கக் கிடைக்கின்றன. நிக்கலின் நீர்வண்ண ஓவியங்கள் பெல்பாஸ்ட் அல்ஸ்டர் நூதனசாலையில் இருக்கின்றன. ஒலுவிலில் பல்கலைக்கழகம் வந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். படத்தைப் பெரிதாக அச்சடித்து ஊரில் வைத்து, இது என்ன, இதை எப்படிப் பிடிப்பது, எதற்குப் பயன்படுத்துவது என்று கேட்கும் வேலைக்குப் பெரிய நிதி தேவையில்லை. எங்களிடமிருந்த குடும்பப் படங்களிலும் ஓலைகளிலும் உறுதிகளிலும் பெரும் பகுதியை 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடல் மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது ஆட்களின் நினைவில் இருக்கிறது.

அந்த ஆட்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். முதலில் உழவு இயந்திரம் வந்து எருமையைக் களத்திலிருந்து வெளியேற்றியது. பிறகு அறுவடை இயந்திரம் வந்து களவெட்டியையே இல்லாமல் ஆக்கியது. வெட்டும் அடிப்பும் தூற்றலும் இப்போது ஒரே ஓட்டத்தில் முடிந்து, நெல் மூட்டையாக வரம்பில் நிற்கிறது. எருமை பிணைத்துச் சூடு மிதித்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டிய மூத்தவாப்பாமார். பழைய படம் ஒன்றில் நுகத்தைக் காட்டினால் அதன் ஒவ்வொரு உறுப்புக்கும் பேர் சொல்லவும், ஓவியர் எந்தக் கட்டைப் பிழையாக வரைந்திருக்கிறார் என்று திருத்தவும் அவர்களால் முடியும். சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் அத்தகையவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பட்டியல்களில் தலைப்பில்லாமல் கிடக்கும் அந்த மூலைகளுக்கு முதற்குறிப்பு எழுத வேண்டியவர்கள் அவர்களே. ஒலிப்பதிவுக் கருவியோடு போவதற்கு அடுத்த பெரும்போகம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.